மேக்ரோவின் இரண்டாம் பாதி

மேக்ரோ எனப்படும் பேரியல் பொருளாதாரப் புத்தகத்தை நானும் என்னோடு படித்த அவளும் சேர்ந்து ஷேவிங் பிளேடால் சரிபாதியாக வெட்டினோம். அசல் புத்தகம் கல்லூரி நூலகத்துடையது. நாங்கள் வெட்டியது அதன் ஜெராக்ஸ். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் இருந்த பாய் கடையில் நகல் எடுத்து, நீல அட்டை போட்டு, முதுகில் டேப் ஒட்டி வாங்கிக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை. அவருடைய கடை வாசலிலேயே உட்கார்ந்து வெட்டினோம். பாய் எட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கு இன்னாத்துக்குமா என்கிட்ட பைண்டிங் போட்டீங்க" என்று கேட்டார். அவர் வருத்தம் நியாயமானதுதான்.

ஆளுக்கு ஒரு நகல் எடுக்கலாம் என்று முதலில் நினைத்தோம். அப்புறம், ஒரே நேரத்தில் இரண்டு பேரும் ஒரே பக்கத்தையா படிக்கப் போகிறோம் என்று அவள் கேட்டாள். அவள் கேட்டால் எதுவும் நியாயமாகத்தான் இருக்கும். முதல் பாதியில் நாட்டு வருமானம், வருமானத்தின் வட்ட ஓட்டம், நுகர்வு, பெருக்கி. இரண்டாம் பாதியில் வேலைவாய்ப்பு, பணம், விலைவாசி, வெளிநாட்டு வாணிகம். முதல் பாதி என்னிடம், இரண்டாம் பாதி அவளிடம். ஆளுக்கு ஒரு பாதியைப் படித்து முடித்ததும் பஸ்ஸில் மாற்றிக்கொள்வது என்று ஒப்பந்தம்.

என் ஊர் உத்திரமேரூருக்குப் பக்கத்தில். அவள் ஊர் அதற்கு இரண்டு ஸ்டாப் தள்ளி, கல்லூரி இருக்கும் காஞ்சிபுரத்துக்குப் போகும் வழியில். பள்ளிக்கூடத்தில் நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. கல்லூரி திறந்த முதல் நாள், டவுன் பஸ்ஸில் பெண்களுக்கான இலவசச் சீட்டைக் கையில் சுருட்டிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எந்த டிபார்ட்மென்ட் என்று கேட்டேன். எக்கனாமிக்ஸ் என்றாள். கேட்டு வாங்கினாயா, கிடைத்ததை வாங்கினாயா என்று கேட்டேன். கேட்டு வாங்கினேன் என்றாள். எங்கள் வகுப்பில் அப்படிச் சொல்லக்கூடிய ஒரே ஆள் அவள்தான். நானெல்லாம் பி.காம். கிடைக்காமல் அழுதுவிட்டு வந்து சேர்ந்த கோஷ்டி.

முதல் செமஸ்டரில் வகுப்பு நிறைய ஆள் இருந்தது. இரண்டாவது செமஸ்டருக்கு, அதாவது மேக்ரோவுக்கு வந்தபோது பின்பெஞ்சுகள் காலியாகிவிட்டன. பையன்கள் ஒவ்வொருவராக ஒரகடம் பக்கம் வேலைக்குக் கம்பெனி பஸ் ஏறிவிட்டார்கள். பெண்களில் இரண்டு பேருக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. மிச்சம் இருந்தவர்கள் பாதிப் பேர், எப்போது போகலாம் என்று மணியைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். நாங்கள் இரண்டு பேரும் முதல் பெஞ்சில். சார் எங்கள் இருவரைப் பார்த்தே பாடம் நடத்திவிட்டுப் போய்விடுவார். தமிழ்வழி வகுப்புதான், ஆனால் முக்கியமான சொல் வரும்போதெல்லாம் இங்கிலீஷிலும் சொல்லுவார். மார்க்கு முழுக்க டெஃபனிஷனில்தான் இருக்கிறது என்பது அவருடைய மந்திரம்.

எனக்கு மேக்ரோ பிடித்துப்போனது. ஒளிப்பானேன், தலைக்கு ஏறிவிட்டது. அதுவரை எங்கள் வீட்டில் நடப்பதெல்லாம் எங்கள் வீட்டில் மட்டும் நடப்பதாக நினைத்திருந்தேன். இப்போது எல்லாவற்றுக்கும் ஒரு பெயர் இருந்தது. அம்மா பேருக்கு அரசாங்கம் நாலு மாதத்துக்கு ஒரு முறை போடும் விவசாயி உதவித்தொகை நாட்டு வருமானத்தில் சேராது, அது மாற்றுச் செலுத்துகை என்று அம்மாவிடம் சொன்னேன். எனக்கு வந்தது நாட்டுக்கு வராமல் எப்படிப் போகும் என்று அம்மா கேட்டாள். இன்னொரு நாள் அப்பாவிடம், நம் வயலில் தேவைக்கு மேல் ஆள் வேலை செய்கிறோம், அதனால் நீங்கள் மறைமுக வேலையற்றவர் என்று சொன்னேன். அப்பா கோபித்துக்கொள்ளவில்லை. அப்படியென்றால் நாளைக்கு நவரைப் பட்ட நாற்றுக்குத் தண்ணீர் திருப்ப நீ போ, நான் மறைந்துகொள்கிறேன் என்றார். அம்மா ரொம்ப நேரம் சிரித்தாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. சரியானதைச் சொன்னால் ஏன் சிரிக்கிறார்கள் என்று எரிச்சலாக இருந்தது.

அவளுக்கு இப்படிப் பறைசாற்றும் பழக்கம் இல்லை. பென்சிலை வைத்துக்கொண்டு அமைதியாகப் படிப்பாள். ஒவ்வொரு அத்தியாயத்தையும் முடித்ததும் அதன் தலைப்பில், எந்தக் கிழமை எந்தத் தேதி முடித்தாள் என்று சின்னதாக எழுதிவைப்பாள். என்னைவிட எப்போதும் இரண்டு பாடம் முன்னால் இருப்பாள், ஆனால் கேட்டால் ஒழியச் சொல்லமாட்டாள். மத்தியானச் சோற்றை இரண்டு பேரும் நூலகத்துக்குப் பின்னால் இருந்த சிமெண்ட் பலகையில் உட்கார்ந்து சாப்பிடுவோம். அவள் டிபன் பாக்ஸில் இருப்பது பெரும்பாலும் அவள் அப்பா சமைத்ததாக இருக்கும். அவர் வைக்கும் கத்தரிக்காய்க் குழம்பு எங்கள் வீட்டுக் குழம்பைவிட நன்றாக இருக்கும் என்பதை நான் என் அம்மாவிடம் சொன்னதில்லை.

அவள் தன் அப்பாவை நைனா என்பாள். நைனாவுக்குச் செங்கல்பட்டில் செக்யூரிட்டி வேலை, நைட் ஷிஃப்ட், அதனால் பகலில் வீட்டில் இருக்கிறார் என்று வகுப்பில் எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். என்னிடமும் அதையேதான் சொன்னாள். அவள் அம்மா நூறு நாள் வேலைக்கும் நடவு வேலைக்கும் போவார். நான் இரண்டு மூன்று முறை அவர்கள் வீட்டுக்குப் போயிருக்கிறேன். ஒரு முறை பொழுது சாய்கிற நேரம். செங்கல்பட்டுக்குக் கிளம்பியிருக்க வேண்டிய ஆள் லுங்கியோடு வாசலில் துடைப்பம் பிடித்துப் பெருக்கிக்கொண்டிருந்தார். எனக்குப் புரிந்தது. நான் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது அன்றைக்கு எனக்கு ரொம்பச் சாதாரணமாக வந்தது. அப்படியே விட்டிருக்கலாம்.

மார்ச் மாதம் சார் ஒரு புராஜெக்ட் கொடுத்தார். ஆளுக்கு இருபது வீடு. ஒவ்வொரு வீட்டிலும் யார் யார் இருக்கிறார்கள், வயது என்ன, வேலையில் இருப்பவரா, வேலையற்றவரா, உழைப்பாளர் படைக்கு வெளியே இருப்பவரா என்று பிரித்து எழுத வேண்டும். பெயர் எழுதக்கூடாது, வீட்டுக்கு எண் மட்டும் போட வேண்டும். சொந்தத் தெருவில் செய்தால் கண்ணை மூடிக்கொண்டு நிரப்பிவிடுவோம் என்பதால் தெருக்களை மாற்றிக்கொள்ளச் சொன்னார். அவள் என் தெருவுக்கு வந்தாள். நான் அவள் தெருவுக்குப் போனேன்.

பகுப்பதற்கு சார் ஒரு விதி சொல்லியிருந்தார். போன ஒரு வாரத்தில் ஒரு மணி நேரமாவது கூலிக்கோ லாபத்துக்கோ வேலை செய்தவர் வேலையில் இருப்பவர். செய்யாவிட்டாலும் வேலை தேடினால் வேலையற்றவர். செய்யவும் இல்லை, தேடவும் இல்லை என்றால் அவர் உழைப்பாளர் படையிலேயே இல்லை. குழந்தைகள், படிப்பவர்கள், வயதானவர்கள், வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் இவர்களோடு சேர்ந்துவிடுவார். எனக்கு அந்த விதி ரொம்ப அழகாகத் தெரிந்தது. இரண்டே கேள்வி. ஊரில் இருக்கிற அத்தனை பேரும் மூன்று பெட்டிக்குள் அடங்கிவிடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் தெருவுக்குப் போனேன். கிளிப் வைத்த அட்டை, ஸ்கேலால் கோடு போட்ட தாள், கழுத்தில் கல்லூரி ஐடி கார்டு. அவளும் கூடவே வந்தாள். சில வீடுகளில் கவர்மென்ட்டிலிருந்து வந்திருக்கிறேன் என்று நினைத்து நாற்காலி போட்டார்கள். அதையும் நான் மறுக்கவில்லை. பதினோராவதாக அவள் வீடு வந்தது. இத்த விட்டுடு, நானே அப்புறம் சொல்றேன் என்றாள். சார் நேரில் கேட்கச் சொல்லியிருக்கிறாரே என்று நான் உள்ளே நுழைந்துவிட்டேன்.

நைனா அப்போது அரிசி களைந்துகொண்டிருந்தார். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து, என் அட்டையைப் பார்த்ததும் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். பொத்தானைப் போட்டபடியே ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் வயது கேட்டேன், படிப்பு கேட்டேன். அதற்குப் பிறகு அந்த முதல் கேள்வி. போன வாரத்தில் ஒரு மணி நேரமாவது வேலை செய்தீர்களா, அப்பா?

அவர் என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் கதவோரம் அவள் நின்றிருந்தாள். சொல்லாதே என்று அவள் தலையை ஆட்டியிருக்க வேண்டும், ஏனென்றால் அவர் பார்வை ஒரு கணம் அவளிடம் போய்விட்டுத் திரும்பி வந்தது.

"இல்லம்மா" என்றார்.

"வேலை தேடினீங்களா?"

"மொதல்ல தேடினு இருந்தேன். கம்பெனில காண்ட்ராக்ட்ட முடிச்சு அனுப்பிட்டாங்க. வயசு நாப்பத்தஞ்ச தாண்டிச்சுன்னா எங்கியும் கேட்டுக்குள்ளயே வுடமாட்டேன்றான். ஒரு வருசம் அலைஞ்சேன். இப்போ தேடலம்மா. பொய் சொல்லக்கூடாது, நீ படிப்புக்காகக் கேக்கற."

நான் எழுதிக்கொண்டேன். அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டே வந்தது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. ஒரு கணக்கெடுப்பாளரிடம் மனிதர்கள் உண்மை பேசுகிறார்கள் என்று நினைத்தேன். அவர் உண்மை பேசியது என் ஐடி கார்டுக்காக இல்லை, என்னோடு படிக்கும் தன் பெண்ணுக்காக என்பது எனக்கு உறைக்கவில்லை.

பஸ் ஸ்டாப் வரை அவள் கூடவே வந்தாள். புளியமரத்தடியில் வந்து நின்ற பிறகு, "செக்யூரிட்டின்னு போட்டுடுடி" என்றாள்.

அவரே இல்லையென்று சொன்னாரே என்றேன். பெயர் போடப்போவதில்லையே, யாருக்குத் தெரியப்போகிறது என்றேன். ஒரு வீட்டை மாற்றினால் மொத்தக் கணக்கும் பொய்யாகிவிடும் என்று சார் சொன்னதை அவளிடமே திருப்பிச் சொன்னேன். இருபது வீட்டில் மற்ற பத்தொன்பது பேர் சொன்னதெல்லாம் சத்தியம் என்பது போல.

"ஒரு டிக்கு தானேடி கேக்கறேன்."

"அது தப்பான பெட்டிடி" என்றேன் நான்.

பஸ் வந்தது, ஏறிவிட்டேன். அன்றிரவு பெரிய நோட்டில் வண்ண ஸ்கெட்ச் பேனாவால் அட்டவணை போட்டேன். பதினோராவது வீட்டை வைத்துத் தனியாக ஒரு பத்தியே எழுதினேன். உடல்நலம் உள்ள நடுத்தர வயது ஆண், வேலை தேடாததால் உழைப்பாளர் படைக்கு வெளியே இருப்பவர், சுவாரசியமான நேர்வு என்று. சுவாரசியமான நேர்வு. அந்த இரண்டு வார்த்தையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முகம் சுடுகிறது.

புதன்கிழமை சார் புராஜெக்ட்டுகளைத் திருத்திக்கொண்டு வந்தார். என்னுடையதுதான் சிறந்தது என்று சொல்லி எல்லோருக்கும் கேட்கும்படி படித்தார். ஒவ்வொரு வீடாக வந்தார். வீடு எண் பதினொன்று என்று ஆரம்பித்தார். ஆண், நாற்பத்தாறு வயது, வேலை செய்யவில்லை, தேடவில்லை. பெண், நாற்பது, விவசாயக் கூலி. மகள், பதினெட்டு, கல்லூரி மாணவி, இளங்கலைப் பொருளாதாரம் முதலாண்டு.

பெயரைத்தான் எழுதவில்லை. மற்ற எல்லாவற்றையும் எழுதியிருந்தேன். அந்த ஊரிலிருந்து எங்கள் வகுப்புக்கு வந்தது ஒரே ஒருத்தி. எங்கள் பஸ்ஸில் வரும் பையன் ஒருவன் பின்னாலிருந்து, அப்போ செங்கல்பட்டு செக்யூரிட்டி இன்னா ஆனாரு என்று கேட்டான். நாலைந்து பேர் சிரித்தார்கள். கெட்டவர்கள் இல்லை, வகுப்பில் சிரிக்க ஏதாவது கிடைக்காதா என்று இருந்தவர்கள். சாருக்கு ஒரு நிமிஷம் கழித்துத்தான் விளங்கியது. நோட்டை மூடி மேசையில் வைத்துவிட்டு, மற்றதை நாளை பார்ப்போம் என்று போர்டைத் துடைக்க ஆரம்பித்தார். போர்டில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

அவள் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். எங்கள் முழங்கைகள் தொட்டுக்கொண்டிருந்தன. அவள் அழவில்லை, என்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. பென்சிலை டப்பாவுக்குள் வைத்து மூடினாள். மத்தியானம் சிமெண்ட் பலகைக்கு நான் மட்டும்தான் போனேன். சாயங்காலம் பஸ்ஸில் பின்னால் எத்தனையோ இடம் இருந்தும் டிரைவருக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தாள். பாலாற்றுப் பாலம் தாண்டும்போது எழுந்து போய்ப் பேசிவிட வேண்டும் என்று நினைத்தேன். பாலம் நீளமான பாலம். அது முடியும் வரை உட்கார்ந்தே இருந்தேன். அப்புறம் அடுத்த ஸ்டாப்பில் பேசலாம் என்று நினைத்தேன். அவள் ஸ்டாப் வந்துவிட்டது.

அதற்கு அடுத்த வாரம் அவள் வரவில்லை. அதற்கும் அடுத்த வாரம், போன் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் சேர்ந்துவிட்டாள், அங்கேயே ஹாஸ்டல் என்று பஸ் கண்டக்டர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. உன் ஃபிரண்டு உங்கிட்டயே சொல்லலியா என்று ஆச்சரியமாகக் கேட்டார். அவள் நம்பருக்குப் போன் செய்தேன். உபயோகத்தில் இல்லை என்று வந்தது. புது நம்பர் வேண்டுமென்றால் அவள் வீட்டில்தான் கேட்க வேண்டும். அந்த வீட்டுக்கு எந்த முகத்தோடு போவது?

இரண்டாம் பாதி அவளிடமே இருந்துவிட்டது. கோபத்தில் வைத்துக்கொண்டாள் என்றே நினைத்தேன். அப்படி நினைப்பதில் ஒரு சின்ன ஆறுதலும் இருந்தது, அவளும் எனக்கு ஏதோ ஒன்று செய்துவிட்டாள் என்று. பரீட்சைக்கு நூலகத்தில் உட்கார்ந்து முக்கியமான கேள்விகளுக்கு மட்டும் பதில் எழுதி எடுத்துக்கொண்டேன். வேலைவாய்ப்புப் பாடத்தைத் தொடவில்லை. அதில் வந்த கேள்வியைச் சாய்ஸில் விட்டேன். மேக்ரோவில் நல்ல மார்க்கு வந்தது. யாரிடம் சொல்வது என்று யோசித்து, கடைசியில் அம்மாவிடம் சொன்னேன். அம்மா நல்லது என்றாள்.

மீதி இரண்டு வருஷமும் தனியாகத்தான் போய் வந்தேன். பக்கத்தில் யாராவது உட்காரத்தான் செய்தார்கள், பூக்கூடையோடோ காய்கறிப் பையோடோ. அவள் ஸ்டாப் வரும்போது ஜன்னல் பக்கம் பார்க்காமல் போனை எடுத்துக்கொள்வேன். வகுப்பில் புதுச் சிநேகிதம் எதுவும் எனக்குச் சேரவில்லை. என்னிடம் எதையாவது சொன்னால் எழுதி வைத்துவிடுவாள் என்று அவர்கள் நினைத்தார்களோ என்னவோ. யாரும் அப்படிச் சொன்னதில்லை. எனக்குத்தான் அப்படித் தோன்றியது.

டிகிரி முடிந்தது. அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அதிகம் ஒன்றும் நடக்கவில்லை. குரூப் ஃபோர் எழுதினேன். வங்கிப் பரீட்சை எழுதினேன். காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையில் கம்ப்யூட்டர் பில்லிங்குக்குக் கேட்டுப் போனேன், டாலி தெரியுமா என்றார்கள். செங்கல்பட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் ரிசப்ஷனுக்குப் போனேன், இங்கிலீஷ் வேண்டும் என்றார்கள். வாங்கி வைத்திருந்த மேனிலா கவர்கள் தீரும் வரை விண்ணப்பம் அனுப்பினேன். ஒரு வருஷம் போனது. அப்புறம் ஒரு நாள் பேப்பரில் வேலைவாய்ப்புப் பக்கத்தைத் திருப்பாமலே மடித்து வைத்தேன். மறுநாளும் திருப்பவில்லை. எந்த நாளிலிருந்து தேடுவதை நிறுத்தினேன் என்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரியாது. அப்படி ஒரு நாள் கிடையாது. காலையில் எழுந்து வாசல் தெளித்தேன், சமைத்தேன், மாட்டுக்குத் தண்ணீர் காட்டினேன். யாராவது கேட்டால் அம்மா முந்திக்கொண்டு, எக்ஸாமுக்குப் படிச்சுக்கினு கீது என்று சொல்லிவிடுவாள். அம்மாவைத் திருத்த எனக்கு ஒருபோதும் தோன்றவில்லை.

போன ஜனவரியில் எங்கள் தெருப் பெண் ஒருத்தி, அதே கல்லூரியில் அதே டிபார்ட்மென்ட்டில் முதலாண்டு படிப்பவள், மேக்ரோ புத்தகம் இருக்கிறதா அக்கா என்று வந்து கேட்டாள். பரணிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். புரட்டிப் பார்த்துவிட்டு, பாதிதான் இருக்கிறது என்றாள். மீதி என் சிநேகிதியிடம் இருக்கிறது, வாங்கித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் சிநேகிதி என்று சொன்னது காதில் விழுந்தது. மூன்று நாள் தள்ளிப்போட்டேன். நாலாம் நாள், பொங்கலுக்கு முந்தின வாரம், பஸ் ஏறி இரண்டு ஸ்டாப் தள்ளி இறங்கினேன். பண்டிகைக்கு ஒருவேளை லீவில் வந்திருப்பாள் என்ற நினைப்பும் உள்ளுக்குள் இருந்தது. வந்திருந்தால் என்ன பேசுவது என்று வழி முழுக்க ஒத்திகை பார்த்துக்கொண்டே நடந்தேன்.

அவள் வந்திருக்கவில்லை. கதவைத் திறந்தது நைனா. தலை நன்றாக நரைத்திருந்தது. வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார் போல, கையெல்லாம் வெள்ளை. என்னை அடையாளம் தெரியாமல் போகட்டும் என்று ஒரு கணம் ஆசைப்பட்டேன். அவர் உடனே, வாம்மா, உள்ள வா என்றார். அதே ஸ்டூலை எனக்கு எடுத்துப் போட்டார். அவளுக்குப் பண்டிகை அன்றைக்கு ஒரு நாள்தான் லீவாம், இப்போது அங்கே லைன் லீடராக இருக்கிறாளாம். நான் புத்தகத்தைப் பற்றி ஆரம்பிக்கும் முன்பே எழுந்து போய் பீரோவின் மேலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து வந்தார்.

"இத்த உங்கிட்ட குடுக்கச் சொல்லிட்டுத்தாம்மா போச்சு. பரீட்சைக்கு வோணும், பஸ் ஸ்டாப்புல நின்னு கண்டக்டர்கிட்டயாவது குடுத்துடு நைனான்னுச்சு. நாந்தான் போவல. அப்போ எங்கியும் வெளிய போறதில்ல."

அதைச் சொல்லும்போதுகூட அவர் எதையும் மறைக்கவில்லை. தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று உள்ளே போனார்.

கவரைப் பிரித்தேன். நீல அட்டை கொஞ்சமும் கசங்காமல் இருந்தது. வேலைவாய்ப்புப் பாடம்தான் முதல் பாடம். அதன் தலைப்பில் பென்சிலில் கிழமையும் தேதியும். நான் அட்டையும் ஸ்கேலுமாக அவள் தெருவுக்குப் போன ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின ஞாயிறு. இரண்டு பக்கம் தள்ளி ஒரு பத்திக்கு அடிக்கோடு போட்டிருந்தாள். வேலை தேடித் தேடிக் கிடைக்காமல், இனிக் கிடைக்காது என்று தேடுவதையே விட்டுவிட்டவர்கள் வேலையற்றோர் கணக்கில் வருவதில்லை, இவர்களை மனம் தளர்ந்த தொழிலாளர் என்பர், இவர்களைக் கணக்கில் கொள்ளாமல் ஒரு நாட்டின் வேலையின்மையை முழுதாக அறிய முடியாது என்று இருந்தது. ஓரத்தில் அவள் கையெழுத்தில் ஒரே ஒரு சொல். நைனா.

அவள் எல்லாம் தெரிந்துதான் கேட்டிருக்கிறாள். என்னைவிட முன்பே படித்து, எந்தப் பெட்டி சரியான பெட்டி என்று தெரிந்து, அதற்கு ஒரு பெயரும் இருக்கிறது என்று தெரிந்து, அதற்கப்புறம்தான் அந்தப் புளியமரத்தடியில் ஒரு டிக் கேட்டிருக்கிறாள். பாடம் தெரியாதவளுக்குப் பாடம் சொல்வது போல நான் அவளிடம் பேசியிருக்கிறேன். நான் படித்திருந்தது முதல் பாதி மட்டும்தான். எனக்கு அழுகை வந்தது. அடுத்தவர் வீட்டில் உட்கார்ந்து அழக்கூடாது என்று புத்தகத்தை மூடிக் கவருக்குள் வைத்தேன்.

நைனா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். எதிரில் தரையில் உட்கார்ந்துகொண்டார். ஏதாவது பேச வேண்டும் என்பதற்காகத்தான் கேட்டார், அதில் வேறு எதுவும் இல்லை.

"நீ இப்போ இன்னாம்மா பண்ணிக்கினு கீற?"

இந்த மனிதரிடம் நான் அன்றைக்கு இதையேதான் கேட்டேன். அவர் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு உண்மையைச் சொன்னார். எனக்கும் உண்மையைச் சொல்லத்தான் ஆசை. வாயைத் திறந்தேன்.

"வேலைக்குப் போய்க்கினு கீறேம்பா" என்றேன். "இன்னிக்கு லீவு."

அவர் என்னைப் பார்த்தார். அன்றைக்கு அட்டைக்கு மேலாகப் பார்த்த அதே பார்வை, அவசரமில்லாத பார்வை. வாரத்தின் நடுவில், காலை பதினொரு மணிக்கு, வீட்டுச் செருப்போடு வந்து உட்கார்ந்திருக்கிறவளைப் பார்த்தால் அவருக்குத் தெரியாமல் இருக்காது. ஊரில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் அவருக்குத் தெரியும்.

"நல்லதும்மா" என்றார்.

என்ன வேலை, எந்தக் கம்பெனி என்று அவர் கேட்கவில்லை. தண்ணீர் போதுமா, இன்னும் கொஞ்சம் கொண்டுவரட்டுமா என்று மட்டும் கேட்டார்.